நெய் மணத்த கை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குக் கேள்வி கேட்கிற வியாதி பிடித்தது. சவரம் செய்ய வந்த வழுக்கைத் தலை நாவிதனிடம், "முடி உள்ளவனுக்குச் சீப்பு வேண்டும். உன்னிடம் சீப்பு இருக்கிறது. அப்படியானால் உனக்கு முடி இருக்கிறதா?" என்று கேட்டார். பாவம், அவன் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்!

அந்தச் சமயத்தில் நியாயசபையில் ஓர் இடம் காலியானது. "தர்க்கக் கேள்விக்குச் சரியான விடை சொல்பவருக்கே அந்த ஆசனம்" என்று ராஜா பறைசாற்றிவிட்டார். அரண்மனை விகடகவி அம்பலத்தாடியும் போட்டிக்கு வந்து நின்றான். ஆசனத்தைவிடக் கேள்வி என்னவாக இருக்கும் என்பதில்தான் அவனுக்கு ஆசை. தன் மருமகனுக்கே பதவி என்று கணக்குப் போட்டிருந்த சபைப் பண்டிதர் ஏகாம்பரத்துக்கு அவனைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

வழக்கப்படி பண்டிதர் சபை விளக்கில் நெய் வார்த்து, விரலால் திரியைத் தூண்டிவிட்டுக் கேள்வியைத் தொடங்கினார்.

"ராணியாரின் நோன்புக்குக் கிண்டிய அல்வா காணாமற்போயிற்று. அல்வா தின்றவர் கையில் நெய் மணக்கும். சமையற்காரி மருதாயி கையில் நெய் மணக்கிறது. முடிவு யாது?"

காவலர் மருதாயியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"அவளே கள்ளி! நாடு கடத்த வேண்டும்!" என்றான் மருமகன்.

"சாமி, கிண்டுனவ கையில நெய் மணக்காம வேற என்ன மணக்கும்? பச்சப்புள்ளய விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்று மருதாயி அழுதாள். ராஜாவோ என்ன காரணத்தாலோ அவளை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. வலக்கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். அது ஏன் என்று அம்பலத்தாடிக்குக் குறுகுறுத்தது.

"பண்டிதரே, தங்கள் திருக்கரத்தைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்றான். முகர்ந்தான். "ஆகா! காவலா, இவரையும் கட்டு!"

"அடேய்! நான் விளக்குக்கு நெய் வார்த்தேன்! நெய் மணக்கிற கையெல்லாம் அல்வா தின்ற கையாகிவிடுமா?" என்று பண்டிதர் கத்தினார்.

"ஆகாது. மகாராஜா, தின்றவர் கை மணக்கும் என்பதாலேயே மணக்கிற கையெல்லாம் தின்ற கை ஆகிவிடாது. நான் சொல்ல வந்த விடையைப் பண்டிதரே சொல்லிவிட்டார்" என்றான் அம்பலத்தாடி.

சபை சிரித்தது. ராஜாவுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. மருதாயியை விடுவிக்கச் சொல்லிவிட்டு, தம் கழுத்து மாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார். மாலை போட்ட கையிலிருந்து குப்பென்று நெய் மணம் வீசியது. கூடவே ஏலக்காயும்.

இனிப்பைத் தொடக்கூடாது என்று ராஜாவுக்கு வைத்தியர் கட்டளை போட்டிருந்தது ஊருக்கே தெரியும். அம்பலத்தாடி நிமிர்ந்து பார்த்தான்.

"என்னடா பார்க்கிறாய்?" என்று ராஜா மெல்லக் கேட்டார்.

"ஒன்றுமில்லை, மகாராஜா. கை மணப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று இப்போதுதானே நானே வாதாடி ஜெயித்தேன்!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அம்பலத்தாடிக்கு நியாயசபை ஆசனம் கிடைத்தது. அழுத கண்ணோடு நின்ற மருதாயிக்கு, ராஜா தம் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றித் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். அதிலும் நெய் பிசுபிசுத்தது.