காரியஸ்தர் விரலும் குங்குமச் சிமிழும்

அரண்மனைக் கல்யாணத்துக்கு வரும் பெண்களுக்கெல்லாம் குங்குமச் சிமிழ் கொடுக்க ஆசைப்பட்டாள் ராணி. மரத்தைக் கடைந்து சிமிழ் செய்யும் கடைசல் பட்டறையில் அதன் உட்புறத்துக்கு மெருகு போடுகிறவள் ஆவுடைத்தங்கம். சுழலும் சிமிழுக்குள் அரக்கைத் தடவி, தாழை ஓலையை மடித்து விட்டுத் தேய்த்தாளென்றால், வெளிச்சமே வழுக்கி விழும்.

காரியஸ்தர் மார்த்தாண்டத்துக்கோ அந்த வேலையைத் தன் மச்சினனுக்கு வாங்கிக் கொடுக்க ஆசை. ராணி பட்டறைக்கு வந்த அன்று, ஆவுடைத்தங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒரு சிமிழைத் திறந்து கட்டைவிரலை உள்ளே திணித்தார்.

"சீ, ஒரே சொரசொரப்பு! இவளைப் பட்டறையை விட்டே துரத்தணும் தாயே!"

சொல்லிவிட்டு விரலை இழுத்தார். வரவில்லை. முறுக்கினார். விரல்தான் வீங்கியது.

"ஆவுடை, இதை எப்படி எடுக்கிறது?" என்றாள் ராணி.

"உள்ளே வழவழப்பா இருந்தா ரெண்டு சொட்டு எண்ணெய் போதும் தாயே, தானா வழுக்கிட்டு வந்துரும். ஐயா சொல்லுத மாதிரி சொரசொரப்பா இருந்தா ரம்பத்தாலதான் அறுக்கணும். ரம்பம் மரத்தோட நிக்குமா, விரலுக்கும் போகுமான்னு நான் சொல்ல முடியாது. தடவிப் பார்த்தவர் ஐயாதான். அவரே சொல்லட்டும்."

சொல்லிக்கொண்டே ரம்பத்தைக் கையில் எடுத்தாள்.

"வழவழப்பு!" என்று அலறினார் மார்த்தாண்டம். "வெண்ணெய் மாதிரி தாயே, வெண்ணெய்! எண்ணெயைக் கொண்டாங்கடா!"

எண்ணெய் பட்டதும் விரல் 'பளுக்' என்று வெளியே வந்தது. ராணிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

கல்யாணத்தன்று வாசலில் சிமிழ் கொடுக்கும் வேலையை மார்த்தாண்டத்துக்கே கொடுத்தாள். வாங்கின பெண்கள் ஒருத்தி விடாமல் கேட்டார்கள்:

"உள்ளே எப்படி இருக்கு ஐயா?"

கட்டைவிரலை வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு, "வழவழப்பு அம்மா, வழவழப்பு" என்றார் மார்த்தாண்டம்.