ஆயில் பிரேக்கா, கம்பி பிரேக்கா

முதலில் தப்பு செய்தவன் மாசிலாமணி. அதைக் கொளஞ்சி ஒருநாளும் மறக்கவில்லை.

மலைமேல் இருக்கும் மடத்தில் இருவரும் சீடர்கள். மடத்தில் காய்ச்சும் மருந்தைச் சைக்கிளில் அடிவாரத்துக்கு எடுத்துப்போய் நோயாளிகளுக்குக் கொடுப்பது கொளஞ்சியின் வேலை.

போன ஆயுத பூஜைக்கு மாசிலாமணி மடத்துச் சாமான்களை எல்லாம் எண்ணெய் தொட்டுத் துடைத்தான். சைக்கிள் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் பிரேக் தட்டையும் அவன் விடவில்லை. தட்டு கண்ணாடி மாதிரி மின்னியது.

மறுநாள் இறக்கத்தில் கொளஞ்சி பிரேக்கைப் பிடித்தார். வண்டி கேட்கவில்லை. வளைவில் பாறையில் மோதித் தோள் எலும்பு உடைந்தது. விழுந்த இடத்திலேயே கையை நீட்டித் தட்டைத் தொட்டுப் பார்த்தார். விரல் வழுக்கியது.

மாசிலாமணி படுக்கைக்கு வந்து பார்த்தான்.

"கொஞ்சம் பார்த்து ஓட்டக்கூடாதா அண்ணே" என்றான்.

கொளஞ்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தோள் கூடிய பிறகு, அடிவாரத்துச் சைக்கிள் கடைக்காரர் மடத்துக்கு இரண்டு வண்டி அனுப்பினார். ஒன்றில், குழாய்க்குள் அடைத்த எண்ணெயின் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் என்கிற ஆயில் பிரேக். இன்னொன்றில் கம்பி இழுக்கும் பிரேக். ஓட்டிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்.

மடத்தை நடத்தும் அம்மா, கொளஞ்சியைவிட வயதில் மிகவும் சின்னவர். கொளஞ்சி அவர் முன்னால் போய் நின்றார்.

"எதை நம்பலாம், நீங்களே சொல்லுங்கம்மா. ஆயில் பிரேக்னா எல்லாம் உள்ள மூடி இருக்கு. கண்டவன் கை படாது."

"தட்டு ரெண்டுலயும் வெளியிலதான இருக்கு ஐயா."

கொளஞ்சி இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்கு இவ்வளவு யோசனை?"

"இன்னொரு தடவை விழுந்தா இந்த வேலை மாசிலாமணிக்குப் போயிடும்."

"போனா?"

"அதுக்கு நான் விழுந்தே செத்துடலாம்."



"ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டுங்க. மழை ஓஞ்சதும் வந்து சொல்லுங்க."

அந்த வருஷம் நல்ல மழை. பாதையெல்லாம் சேறு. சேற்று மணல் சக்கரத்தோடு ஏறிப் பிரேக்கை அரைத்தது.

மழை ஓய்ந்ததும் கொளஞ்சி வந்தார்.

"ஆயில் பிரேக்தாம்மா. ஒரு விரல் போதும். முதல் நாள் எப்படிப் பிடிச்சதோ இன்னைக்கும் அப்படியே பிடிக்குது."

"கம்பி பிரேக்?"

"அது பெரிய தொல்லை. நாலு நாள் ஓட்டினா பிடி தொளதொளன்னு ஆயிடும். திருகி இறுக்கணும். மறுபடியும் தொளதொளன்னு வரும். கடைசில தட்டைக் கவ்வுற கட்டையே தேஞ்சுபோச்சுன்னு கழட்டிப் புதுசு மாட்டினேன்."

"ஆயில் பிரேக்ல கட்டை மாத்தலையா?"

"அது ஒண்ணும் சொல்லல. நானும் தொடல."

"கழட்டுங்க."

கொளஞ்சி முற்றத்தில் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றினார். பிறகு பிரேக் கட்டைகளை வெளியே எடுத்தார்.

இரும்புத் தகட்டின் மேல் காகிதக் கனத்துக்கு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் மிச்சம்.

கட்டை தேயத் தேய, உள்ளே இருந்த எண்ணெய் இடைவெளியை நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறது. பிடியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இன்னும் ஒருநாள் இறங்கியிருந்தால் இரும்போடு இரும்புதான் உரசியிருக்கும்.

கொளஞ்சி தகட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏமாத்திடுச்சேம்மா" என்றார்.

"அது மேல தப்பில்ல. நல்ல பிரேக்தான். அடிக்கடி திறந்து பார்க்கிறவங்களுக்கு ஆகும்."

அம்மா அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மாசிலாமணி பந்தியில உங்க பக்கத்துலதான உட்காருறார்?"

"ஆமா."

"என்ன பேசிக்குவீங்க?"

"உப்பு கேப்பான். தள்ளி வைப்பேன்."

"சிரிச்ச முகமா?"

"மடத்துல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாதுங்களே."

"அவர் உங்களுக்கு என்ன செஞ்சார்?"

"செஞ்சவனுக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னீங்களா?"

"நான் ஏம்மா சொல்லணும்? அடி பட்டவன் நான். வந்து மன்னிப்பு கேக்க வேண்டியது அவன்."

அம்மா தேய்ந்த கட்டைகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

கொளஞ்சி சக்கரத்தை மட்டும் திரும்ப மாட்டிச் சுவரோரம் நிறுத்தினார். கட்டைகளை இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டார்.

மதியம் பந்தியில் மாசிலாமணி உப்பு கேட்டான். கொளஞ்சி தள்ளி வைக்கவில்லை.

"போன பூஜைக்கு நீ வண்டித் தட்டுல எண்ணெய் தேச்ச. அதனாலதான் நான் விழுந்தேன்."

மாசிலாமணியின் கை இலையிலேயே நின்றது.

"தட்டுல எண்ணெய் படக்கூடாதா?"

"படக்கூடாது. பட்டா பிரேக் வழுக்கும்."

"சாமி முன்னால பளபளன்னு நிக்கட்டும்னுதான் தேச்சேன்."

"தெரியும்."

"அப்போ ஏன் அண்ணே அன்னைக்கே சொல்லல?"

கொளஞ்சி காத்திருந்தது இந்தக் கேள்விக்காக அல்ல.

ரசம் வந்தது. மோர் வந்தது. இருவரும் குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தார்கள்.

கை கழுவும் இடத்தில் மாசிலாமணி கேட்டான்.

"எந்த வண்டிய வெச்சுக்கப் போறீங்க?"

"கம்பி பிரேக்."

"அப்போ ஆயில் வண்டிய நான் ஓட்டிட்டுப் போய்க் கடையில விட்டுடறேன்."

பதிலுக்கு நிற்காமல் அவன் முற்றத்துக்குப் போனான். சுவரோரம் நின்ற வண்டியைத் திருப்பி இறக்கத்தைப் பார்க்க நிறுத்தினான். ஒரு காலைத் தூக்கிப் போட்டான்.

கொளஞ்சி முற்றத்து விளிம்பில் நின்றார். இடுப்பில் கட்டைகள் உறுத்தின. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். யாரும் அவரை ஒன்றும் கேட்கப்போவதில்லை.

"இறங்கு" என்றார்.

மாசிலாமணி திரும்பிப் பார்த்தான்.

"அதுல பிரேக் கட்டை இல்ல. உருட்டிக்கிட்டே போ."

மாசிலாமணி காலைக் கீழே வைத்தான். குனிந்து பிரேக்கைப் பார்த்தான். பிறகு கொளஞ்சியைப் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டு, வண்டியை உருட்டிக்கொண்டு மலை இறங்கினான்.

கேட்க வேண்டிய மன்னிப்பை அப்போதும் கேட்கவில்லை.