மஞ்சள் கோடு

குருவுக்கு வயது முப்பத்தேழு. சீடருக்கு நாற்பத்தாறு. கோயம்புத்தூரில் சிங்காநல்லூர் தாண்டி இருந்த அந்தப் பட்டறையில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சீடர் மருதாசலமே எடுத்துக்கொண்டதில்லை. பஸ் பட்டறையில் பன்னிரண்டு வருடம் ஸ்பேனர் பிடித்தவர் அவர். ராலிப் பந்தயத்துக்கு ஓடும் கார் எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் கோகிலவாணியிடம் வந்துதான் கற்றுக்கொண்டார்.

கோகிலவாணி எட்டு வருடம் காட்டுப் பாதைகளில் ராலி ஓட்டியவர். பிறகு மற்றவர்களுக்கு வண்டி கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். அதிகம் பேசமாட்டார். மருதாசலம் அவரை அம்மிணி என்பார். அவர் இவரை அண்ணா என்பார்.

பட்டறையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன.

ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை பெயிண்ட்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். போல்ட் இம்மி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். கோடு இழுக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கலர். யார் கலரோ, போல்ட் அவருடையது. மருதாசலத்தின் கலர் மஞ்சள்.

கட்டி முடித்த வண்டி முதல்முறை மண்ணில் ஓடும்போது கோகிலவாணிதான் ஓட்டுவார். யாருடைய கோடுகள் வண்டியில் அதிகமோ அவர் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும்.

"முறுக்குனவங்கதான் அது மேல உக்காரோணும்" என்பார் கோகிலவாணி. அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

பதினோரு வருடமாக அந்த சீட்டில் மருதாசலத்தைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. அந்த சீட்டுக்கென்று பட்டறையில் வைத்திருந்த ஹெல்மெட்டின் வார்கூட அவருடைய தாடைக்கு அளவெடுத்த மாதிரி நின்றது.

பிறகு ஜெரால்டு வந்தான். தூத்துக்குடிக்காரன். விசைப்படகு வெல்டிங்கில் பேர் வாங்கியவன். அவனுக்கு வெள்ளைக் கலர் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டு ஒருவர் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து விட்டார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி. தரையை நக்கிக்கொண்டு போகும் உயரம். நாலு பேர் சேர்ந்தால் ஒரு பக்கத்தைத் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு.

"இதை ராலிக்கு மாத்தித் தரோணும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் வாரம் கழற்றும் வேலை. கம்பளம், ஏசி, பாட்டுப் பெட்டி, மெத்தை சீட், சத்தம் வராமலிருக்க ஒட்டியிருந்த பஞ்சு, எல்லாவற்றையும் மருதாசலம் கழற்றினார். எண்பது கிலோ குறைந்தது.

இரண்டாவது வாரம் ஏற்றும் வேலை. வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர்கள் நசுங்காமலிருக்க, குழாய்களை வளைத்து ஒரு கூண்டு கட்ட வேண்டும். அடியில் கல் அடிக்காமலிருக்கத் தடித்த தகடு. கூண்டு வேலையை கோகிலவாணி ஜெரால்டிடம் கொடுத்தார்.

"இவ்வளவு கஷ்டப்பட்டுக் குறைச்சுட்டு, மறுபடியும் எதுக்கு அண்ணாச்சி இரும்பை ஏத்துறோம்?" என்று கேட்டான் ஜெரால்டு.

"கழட்டுனது சொகுசுக்கு. ஏத்தறது உசுருக்கு" என்றார் மருதாசலம்.

அம்மிணி எப்போதோ தனக்குச் சொன்னதை அப்படியே எடுத்து விட்டார். ஜெரால்டு அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். மருதாசலத்துக்கு அன்று அவன்மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது.

அந்தப் பிரியம் கூண்டு முடிந்த அன்றோடு போய்விட்டது. கோகிலவாணி வந்து, வெல்டிங் தையல் மேல் விரலை வைத்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை இழுத்துக்கொண்டே போனார். கடைசி மூலையில் ஒரு நிமிடம் நின்றார், அவ்வளவுதான். பதினோரு வருடத்தில் மருதாசலத்தின் வேலைக்கு முன்னால் அவர் அப்படி நின்றதில்லை.

மருதாசலத்துக்கு வயிறு எரிந்தது. மூடி மறைக்க ஒன்றுமில்லை, பொறாமைதான். அன்று வீட்டுக்குப் போய் சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை பிடித்தார். சாம்பாரில் உப்பு சரியாகவே இருந்தது.

அடுத்த வாரங்களில் வெள்ளைக் கோடுகள் பெருகின. கூண்டில் வெள்ளை. அடித்தகட்டில் வெள்ளை. முன்பக்கச் சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளிலும் பாதிக்கு மேல் வெள்ளை. ஒரு மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது மருதாசலம் வண்டிக்கடியில் படுத்து எண்ணினார். வெள்ளை நூற்று முப்பத்தொன்று. மஞ்சள் எண்பத்தெட்டு. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடியும் எண்ணினார். எண்பத்தேழுதான் வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு நேராக குருவிடம் போனார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்கண்ணா."

"இந்த வண்டில என்னுது எதுங்க?"

கோகிலவாணி சாப்பாட்டு டப்பாவை மூடினார். அவரை ஒரு தரம் பார்த்தார்.

"வண்டி மண்ணுல ஓடட்டும். சொல்றேன்."

ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, சாயங்காலம், மருதாசலம் டீ டம்ளரோடு பட்டறைக்குள் நடந்து வந்தார். இடது முன்சக்கரம் ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெரால்டு அந்தச் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

அந்த போல்ட்டை அப்படி முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, வண்டியின் பாரம் அதன் மேல் இறங்கிய பிறகுதான் முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால், கீழே இறக்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ஓட ஓட அது நட்டைத் தளர்த்தும். வண்டி வேலை தெரிந்தவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். படகு வேலை செய்தவனுக்கு எப்படித் தெரியும்?

மருதாசலம் சொல்ல வாயைத் திறந்தார். அப்போது ஜெரால்டு வெள்ளைப் பெயிண்ட்டை எடுத்தான். நாக்கைத் துருத்திக்கொண்டு, நூல் பிடித்த மாதிரி நேராக ஒரு கோடு போட்டான்.

"அண்ணாச்சி, கோடு சரியா இருக்கா?"

"கோட்டுக்கு என்ன, நல்லாத்தான் இருக்குது" என்றார் மருதாசலம். டீயைக் குடித்தார்.

ஓட்டத்தன்று காலை பெட்ரோல் போட வண்டி பங்க் வரை போய் வந்தது. மருதாசலம் குனிந்து பார்த்தார். கோடு உடைந்திருந்தது. ஒரு நெல் அகலம்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் தன்னோடு பேசிக்கொண்டார். 'என்ன ஆகிவிடும்? டக் டக்கென்று சத்தம் வரும். அம்மிணி நிறுத்தி இறங்கிப் பார்ப்பார். யார் கோடு உடைந்தது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். விரலை இழுத்து இழுத்துப் பார்த்தாரே, இதையும் பார்க்கட்டும்.' அந்த நினைப்பு கரும்பு மாதிரி இனித்தது.

காங்கேயம் பக்கம் ஒரு கொறங்காட்டில் ஓட்டம். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம், அதைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் மண்பாதை. பாதையின் கோடியில், புறப்படும் இடத்துக்குப் பக்கமாகவே, ஒரு மேடு. ராலி வண்டி அங்கே வேகமாக வந்தால் நாலு சக்கரமும் தரையை விடும். வழக்கம்போல முதல் சுற்று மெதுவாக, இரண்டாவது கொஞ்சம் வேகமாக, மூன்றாவது சுற்றில் மேட்டைத் தாண்டிப் பறக்க வேண்டும்.

கோகிலவாணி ஹெல்மெட்டை எடுத்து ஜெரால்டிடம் நீட்டினார்.

ஜெரால்டு தயங்கினான். "அண்ணாச்சி இருக்கும்போது நான் எப்படி மேடம்..."

"கோட்டை எண்ணியாச்சு. உங்களுதுதான் அதிகம்."

அவன் தலை பெரிசு. வாரை இரண்டு ஓட்டை தளர்த்தினான். பதினோரு வருடமாக ஒரே ஓட்டையில் நின்ற வார் அது. மருதாசலம் வேலியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வண்டி புறப்பட்டது.

முதல் சுற்றில் சத்தம் ஒன்றும் இல்லை. மருதாசலத்துக்கு ஏமாற்றமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சுற்றில் வண்டி அவருக்குப் பக்கத்துத் திருப்பத்தில் வரும்போது கேட்டது. டக். குழியில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம், டக். எஞ்சின் போட்ட கூச்சலில் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. ஹெல்மெட் வேறு. அவர் காதில் மட்டும் விழுந்தது. நின்று பார்ப்பார்கள் என்று அவர் போட்ட கணக்கில் எஞ்சின் சத்தத்தைச் சேர்க்க மறந்துவிட்டார்.

வண்டி நிற்கவில்லை. மேட்டை நோக்கி மூன்றாவது சுற்றுக்கு வேகம் எடுத்தது.

மருதாசலம் ஓடினார். செருப்பு ஒன்று கழன்று போனது. கிளுவை முள் காலைக் கிழித்தது. மேட்டுக்கு இந்தப் பக்கம், பாதையின் நடுவில் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். சிவப்பு வண்டி புழுதியோடு அவரைப் பார்த்து வந்தது. அவர் நகரவில்லை. பிரேக் அலற, வண்டி குறுக்கே திரும்பி, அவரிடமிருந்து நாலு முழம் தள்ளி நின்றது.

"போல்ட்டு! இடது முன் போல்ட்டு!"

கோகிலவாணி இறங்கிக் குனிந்து பார்த்தார். நட்டு நாலு புரி வெளியே வந்திருந்தது. அவர் எழுந்து, எதிரே இருந்த மேட்டைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரே மூச்சில் குடித்தார். கொஞ்சம் தண்ணீர் சட்டையில் சிந்தியது.

ஜெரால்டு மண்ணில் மண்டியிட்டு நட்டைத் தொட்டான்.

"என் கோடு மேடம். என் தப்புதான்." பிறகு மருதாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, நீங்க மறிக்கலன்னா நாங்க ரெண்டு பேரும் இப்போ இல்ல."

"சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சீங்களாண்ணா?" என்று கேட்டார் கோகிலவாணி.

"பதினோரு வருஷத்துக் காதுல்லா மேடம்" என்றான் ஜெரால்டு. அவன் குரலில் பக்தியே இருந்தது.

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். தப்பு அவனுடையது, காது இவருடையது. இத்தனை நாள் எரிந்த வயிற்றுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்திருக்கும். ஏனோ தலை ஆடவில்லை.

மருதாசலம் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு மண்ணில் படுத்தார்.

"இங்க பாரு ஜெரால்டு. சக்கரம் மண்ணுல நிக்கறப்பத்தான் இதை முறுக்கோணும். தொங்கறப்ப முறுக்கக் கூடாது."

"எனக்கு இது தெரியாதே அண்ணாச்சி. படகுக்கு ஏது சக்கரம்? யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே."

மருதாசலம் முறுக்கினார். போதிய இறுக்கம் வந்ததும் ஸ்பேனர் 'கிளிக்' என்றது. அதற்குப் பிறகும் அவர் அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தார். வெளியே வந்து பெயிண்ட் பெட்டியைத் திறந்தார். வெள்ளை டப்பாவும் மஞ்சள் டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் தொடவில்லை.

"எந்தக் கலருங்க அம்மிணி?"

கோகிலவாணி அவர் பக்கம் திரும்பினார். அவருடைய முள் கிழித்த காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"எப்பப் பாத்தீங்கண்ணா?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் கத்தின.

"இவன் ஜாக்கில வெச்சு முறுக்கறப்பவே பாத்தனுங்க. மூணு நாளாச்சு. காத்தால கோடு உடைஞ்சதையும் பாத்தனுங்க."

ஜெரால்டு அவரிடமிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டான். வண்டியைச் சுற்றிப் போய், சக்கரங்களைத் தாங்கும் மற்ற போல்ட்டுகளைத் தரையில் வைத்தே ஒவ்வொன்றாக மறுபடி முறுக்கத் தொடங்கினான். கிளிக், கிளிக் என்ற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகுதான் கோகிலவாணி பேசினார்.

"அப்ப மூணு நாளா அது உங்க போல்ட்டுங்கண்ணா. மஞ்சளைப் பூசுங்க."

மருதாசலம் மறுபடி மண்ணில் படுத்தார். உடைந்த வெள்ளைக் கோட்டைத் துணியால் துடைத்துவிட்டு மஞ்சளை இழுத்தார். பதினோரு வருடமாக நேராகவே கோடு போட்ட கை. அன்று கோணிக்கொண்டு போனது.

எழுந்தபோது கோகிலவாணி ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கதவு திறந்திருந்தது. ஹெல்மெட்டை வெளியே நீட்டினார்.

"அன்னிக்கு, என்னுது எதுன்னு கேட்டீங்கல்ல? ஏறி அது மேல உக்காருங்க."