செவலே சமன்பாடு

கணித மென்பொருள் ஒன்றுக்குத் தமிழில் கையேடு தயாரானது. வகைக்கெழுச் சமன்பாடு, இயற்கணிதச் சமன்பாடு என்று கலைச்சொற்களை எல்லாம் தேடித் தேடித் தொகுத்தவள் சீனியம்மாள். திட்டத் தலைவர் குணாளன் ஒருநாள், "உன் பேரை எடுத்துட்டுச் சொற்பட்டியலை மட்டும் அனுப்பும்மா" என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. ‘மனுஷன் எதுக்கோ அடி போடுறாரே!’ பட்டியலில் சின்னக் கைவேலை ஒன்று செய்துவிட்டு அனுப்பினாள்.

சந்தேகம் பொய்க்கவில்லை. நிபுணர் குழுவின் முன் குணாளன் மார்தட்டினார். "ஒவ்வொரு சொல்லும் நானே யோசிச்சது."

கடைசி வரிசையிலிருந்து சீனியம்மாள் எழுந்தாள். "ஐயா, பட்டியல்ல ‘செவலே சமன்பாடு’ன்னு இருக்கே, அது வகைக்கெழுவா, இயற்கணிதமா?"

குணாளன் அசரவில்லை. "ரெண்டும் கலந்தது. செவலே பெரிய பிரெஞ்சு மேதை. அவரோட நூலைக் கரைச்சுக் குடிச்சுட்டுதான் அந்தப் பேரை வச்சேன்."

"மேதை இப்ப எங்க தொழுவத்துல வைக்கோல் தின்னுக்கிட்டு இருக்காருங்க ஐயா. எங்க செவலைக் காளையை அப்படித்தான் கூப்பிடுவோம். நேத்து நான்தான் அவரைப் பட்டியல்ல சேர்த்தேன்."

எழுந்த சிரிப்பில் குணாளனின் பதில் அமுங்கிப்போனது. கையேடு சீனியம்மாள் பெயரோடு வெளிவந்தது. காளையை மட்டும் பட்டியலிலிருந்து அவளே அவிழ்த்து விட்டுவிட்டாள்.