மரங்கொத்தி வைத்தியரும் இரண்டு பெரிய இதயங்களும்

ஏரிக்கரைப் புல்வெளியில் ஒரு மான் கூட்டம் இருந்தது. அதில் ஓட்டத்துக்குப் பேர்போனவன் கருங்கொம்பன். அவனுக்கு அடுத்தவன் அவனுடைய கூட்டாளி சுழியன். கோடை முடிந்ததும் ஏரியைச் சுற்றிப் பந்தயம் நடக்கும். ஜெயிக்கிறவன்தான் அந்த வருஷம் கூட்டத்துக்கு முன்னால் போவான்.

பந்தயத்துக்கு மூன்று மாதம் முன்னால் மரங்கொத்தி வைத்தியர் வந்து நெஞ்சைச் சோதிப்பார். எந்த மரத்தையும் அலகால் தட்டியே உள்ளே புழு இருக்கிறதா என்று சொல்லிவிடுகிறவர். நெஞ்சையும் அப்படித்தான் தட்டினார்.

கருங்கொம்பனைத் தட்டினார். முகம் சுருங்கியது. சுழியனைத் தட்டினார். இன்னும் சுருங்கியது.

"ரெண்டு பேருக்கும் இதயம் பெருத்துக் கிடக்கு! துடிப்பும் ரொம்ப மெதுவா இருக்கு! இது வியாதி. இனிமே ஓடவே கூடாது!"

கருங்கொம்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வைத்தியரே, நான் தினம் ஏரியை ஏழு தடவை சுத்துறேன். என் தொடைகூடத்தான் பெருத்திருக்கு! அதை வியாதின்னா சொன்னீங்க?"

"தட்டினேன். சத்தம் சொல்லுச்சு!"

"மரம் பேசாது, தட்டுறீங்க, சரி. எனக்குத்தான் வாய் இருக்கே! ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வைத்தியர் யோசித்தார். இத்தனை வருஷத் தொழிலில் அவர் எந்த நோயாளியையும் எதுவும் கேட்டதில்லை. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்.

"சரி, கேக்குறேன். ஓடும்போது எப்பவாவது மயங்கி விழுந்தியா? உங்க வீட்டுல யாராவது ஓடிட்டிருக்கும்போதே விழுந்து செத்தாங்களா?"

"இல்லவே இல்லை. எங்க தாத்தா செந்நாய்கிட்ட மாட்டித்தான் போனார்."

"சுழியா, நீ?"

"எனக்கா? சே! ஒண்ணும் கிடையாது!"

கருங்கொம்பன் திரும்பிச் சுழியனைப் பார்த்தான். போன மாதம் மேட்டில் ஓடும்போது சுழியன் சுருண்டு விழுந்ததை அவன் கண்ணால் பார்த்திருந்தான். "கல் தடுக்கிடுச்சு, யார்கிட்டயும் சொல்லாதே" என்று சுழியன் கெஞ்சினான். அங்கே கல்லே இல்லை. இப்போது சொன்னால் கூட்டாளி பகையாளி ஆவான். சொல்லாவிட்டால் கூட்டாளியே இருக்க மாட்டான்.

"பொய் சொல்றான், வைத்தியரே! மேட்டுல மயங்கி விழுந்தான். இவன் அப்பாவும் ஓடும்போதுதான் செத்தார்!"

"அடப் பாவி!" என்று சுழியன் முட்ட வந்தான்.

வைத்தியர் இரண்டு பேரையும் இரண்டு மாதம் ஓடாமல் இருக்கச் சொன்னார். பிறகு வந்து மறுபடி தட்டினார். கருங்கொம்பனின் இதயம் அளவாகச் சுருங்கியிருந்தது. சுழியனுடையது பெருத்தபடியே கிடந்தது.

"உன்னுது ஓடி ஓடி வளர்ந்தது. ஓய்வு கொடுத்ததும் அடங்கிடுச்சு. நீ ஓடு! அவனுதுதான் வியாதி. அவன் நடக்கட்டும்" என்றார்.

இரண்டு மாதம் ஓடாததில் பழக்கம் விட்டுப்போன கருங்கொம்பன் பந்தயத்தில் மூச்சு வாங்க இரண்டாவதாக வந்தான். மூன்று மாதமாக அவனோடு பேசாத சுழியன் கரையிலிருந்து இறங்கி வந்தான்.

"மேட்டுல எதுக்குடா அப்படி ஊர்ந்தே? நான் ஓடியிருந்தா ஜெயிச்சிருப்பேன்!"

கருங்கொம்பனுக்குக் கண் கலங்கியது. "திட்டுறதுக்கு நீ இருக்கியே, அது போதும்டா" என்றான்.

இதயம் பெரிதாக இருப்பதை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்டக் கூடாது; வைத்தியர் வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.