பின்னால் பார்த்து உட்கார்ந்தவர்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் பூங்கோதை அம்மா என்றொரு துறவி இருந்தார். மலைமேல் ஊர்களில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் தூளி கட்டித்தான் இறக்க வேண்டும். அதற்கு ஒரு ஜீப் கிடைக்காதா என்று அவர் பார்ப்பவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹூப்ளியில் ஓர் அன்பர் தன் பழைய ஜீப்பைத் தருவதாகச் சொன்னார். உடல் உறுதியான வண்டி. இன்ஜின்தான் போய்விட்டது. ட்ரெய்லரில் ஏற்றி, மடத்து பொலிரோவின் பின்னால் மாட்டி இழுத்து வரவேண்டும்.

செய்தி கேட்டதுமே ஆவுடையப்பன் பொலிரோவைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். அவர் மடத்துக்கு வருமுன் பாதி இந்தியாவுக்கு லாரி ஓட்டியவர். அம்மாவைவிட வயதில் மூத்த சீடர். அந்த வேலைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"மாசிலாமணி ஓட்டட்டும்" என்றார் அம்மா. "நீங்க கடைசி சீட்டுல உட்காருங்க. பின்னால பார்த்து."

ஆவுடையப்பன் கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தார்.

மாசிலாமணி மருந்துக்கடை வைத்திருந்தவர். மடத்துக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அவருக்கு கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்ததே ஆவுடையப்பன்தான்.

அம்மாவும் கூடவே கிளம்பினார். ஹூப்ளியில் ஜீப்பை ட்ரெய்லரில் ஏற்றும்போது மாசிலாமணி அவரிடம் கேட்டார்:

"இவ்வளவு போதுமாண்ணே?"

"இன்னும் கொஞ்சம் முன்னால. எடை பின்னால உட்கார்ந்தா ட்ரெய்லர் வாலாட்டும்."

மாசிலாமணி அப்படியே செய்தார். சங்கிலியைக் கோத்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பெல்ட் போட்டு இறுக்கினார். பின்விளக்கு எரிகிறதா என்று ஓடிப்போய்ப் பார்த்தார்.

"அழகா கட்டியிருக்கப்பா" என்றார் அம்மா, அவரைப் பார்த்து.

சொன்னது என் வாய், பேர் அவனுக்கா என்று ஆவுடையப்பனுக்கு இருந்தது.

சித்ரதுர்காவுக்கு முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி வேகமாகத் தாண்டிப் போனது. அதன் காற்று அடித்ததில் ட்ரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. ஆவுடையப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தால் தொலைந்தது. மிதிக்கப் போகிறான் என்று நினைத்தார். மிதிக்கட்டும் என்று மனதின் ஒரு மூலை சொன்னது.

மாசிலாமணி மிதிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தார். வேகம் குறைந்தது. ஆட்டம் நின்றது.

"உயிரே போயிடுச்சு. நல்லா சமாளிச்சேப்பா" என்றார் அம்மா.

"அண்ணன் சொல்லிக்கொடுத்ததும்மா" என்றார் மாசிலாமணி.

அது இன்னும் எரிந்தது. பணிவு வேறயா இவனுக்கு என்று ஆவுடையப்பன் பின்கண்ணாடி வழியே ஜீப்பையே முறைத்துக்கொண்டு வந்தார். மடத்தில் பூஜைக்குப் பூ எடுத்துவரச் சொல்வது இவனை. வெளியூர்க் கடிதத்தைப் படித்துக்காட்டச் சொல்வது இவனை. இப்போது ஸ்டியரிங்கும் இவனுக்கு. நமக்கு என்ன? வாந்தி எடுக்கிற குழந்தை மாதிரிக் கடைசி சீட்டு.

இரவு தும்கூரில் தங்கி, காலையில் கிளம்பினார்கள். பெங்களூரைத் தாண்டியதும் வேகத்தடைகள் வரிசையாக வந்தன. குலுங்கிக் குலுங்கி ஜீப் தன் ஸ்பிரிங்கில் அழுந்தி உட்கார்ந்தது. அப்போதுதான் பார்த்தார். பின்சக்கரம் ஒன்றின் பெல்ட் தொய்ந்து காற்றில் படபடத்தது.

"ஓரங்கட்டுப்பா" என்ற சொல் தொண்டை வரை வந்தது.

அங்கேயே நின்றுவிட்டது.

ஜீப் விழவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. கொஞ்சம் நகர்ந்தால் போதும். அம்மா இறங்கிப் பார்க்கட்டும். யார் கட்டிய கட்டு என்று தெரியட்டும்.

ஓசூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். மாசிலாமணி டயர்களைத் தொட்டுச் சூடு பார்த்தார். சங்கிலியை அசைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"முன்பக்கம் பார்த்துட்டேன். பின்னால எல்லாம் சரியா இருக்காண்ணே?"

"ம்."

மாசிலாமணி அந்த ஒரு எழுத்தை அப்படியே நம்பி டீ வாங்கப் போனார்.

அம்மா டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்துவிட்டு ட்ரெய்லர் அருகே போனார். புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து ஏறி, ஜீப்புக்குள் உட்கார்ந்துகொண்டார்.

"இதுல காத்தோட்டமா இருக்கு. இனிமே இதுலயே வர்றேன்."

ஆவுடையப்பன் பதறி எழுந்தார். "ட்ரெய்லர்ல போற வண்டிக்குள்ள ஆள் உட்காரக் கூடாதும்மா."

"ஏன்? மாசிலாமணி நல்லாத்தானே கட்டியிருக்கான்?"

"கட்டியிருக்கேன்மா. ஆனாலும் வேண்டாமே" என்றார் மாசிலாமணி. "அண்ணே, நீங்க சொல்லுங்க."

முன்னால் சூளகிரி. அதற்கப்புறம் மேலுமலை இறக்கம். அந்த இறக்கத்தில் கட்டு விட்ட பாரம் எப்படித் தள்ளும் என்று ஆவுடையப்பனுக்குத் தெரியும். ஒரு முறை பார்த்திருக்கிறார்.

"எறங்குங்கம்மா!" குரல் உடைந்தது. "பின் பெல்ட் தளர்ந்துபோச்சு."

அம்மா இறங்கினார். ஆவுடையப்பன் மண்ணில் முழங்கால் போட்டு பெல்ட்டை இறுக்கினார். அவசரத்தில் கொக்கி இரண்டு முறை நழுவியது. மாசிலாமணி குனிந்து அதைப் பிடித்துக்கொடுத்தார்.

"நல்லவேளை பார்த்தீங்கண்ணே. இறக்கத்துல போயிருந்தா நாம மூணு பேரும் இல்ல."

மூன்று பேர். ஆவுடையப்பனுக்கு அது அதுவரை தோன்றவே இல்லை.

மீதி மூன்று பெல்ட்டுகளையும் இறுக்கிவிட்டு எழுந்தார். மாசிலாமணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாலையைப் பார்த்துச் சொன்னார்:

"இப்பப் பார்க்கலப்பா. வேகத்தடையிலேயே பார்த்துட்டேன். நீ கேட்டப்பவும் தெரியும்."

மாசிலாமணி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் நடந்தார்.

ஆவுடையப்பன் அம்மாவிடம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. ஆனால் கேள்வியில் இன்னும் சூடு இருந்தது.

"லாரியே வாழ்க்கையா இருந்தவன்மா நான். வண்டியை ஏன் எங்கிட்டக் குடுக்கல?"

"வண்டியை மாசிலாமணிகிட்ட ஒப்படைச்சேன்" என்றார் அம்மா. "மாசிலாமணியை உங்ககிட்டதானே ஒப்படைச்சேன்?"