வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

ஐரினுக்கு முப்பத்திரண்டு வயது. அவளிடம் தொழில் பழக வந்த நம்பிராஜனுக்கு ஐம்பத்தாறு. திருநெல்வேலியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கால் சென்டர், ஓயாத ஏசி, காதில் ஹெட்போன்: இவர்களுடைய ஆசிரமம் இவ்வளவுதான். குரு சீடரை அண்ணாச்சி என்பாள். சீடர் குருவை மேடம் என்பார்.

நம்பிராஜன் பாதி ஆயுளை ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் கழித்தவர். கேட்ட நிறம் கடையில் இல்லாவிட்டாலும் இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. "இருங்க, வேற காட்டுதேன்" என்பார். கடை மூடிப்போனது. வயிற்றுப்பாட்டுக்கு இங்கே வந்து சேர்ந்தார். இங்கே நாள் முழுக்க இல்லை சொல்லுகிற வேலை.

அந்த வாரம் வந்த வேலை இன்னும் மோசம். கண் தெரியாதவர்களுக்கு எழுத்தைப் படித்துக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்றை ஒரு கம்பெனி விற்றிருந்தது. அதன் பழைய மாடலுக்கு வரும் வெள்ளிக்கிழமையோடு சேவை நிறுத்தம். பெட்டியில் ஒரு கோளாறும் கிடையாது. ஆனால் படிக்கிற மூளை கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் பெட்டி ஊமை. வாங்கியவர்களைப் போனில் கூப்பிட்டு இதைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மார்க் குறைப்பார்கள்.

நம்பிராஜன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"ஒரு உதவியும் செய்யாம, வேற உதவி வேணுமான்னு எப்படிக் கேக்கது? நாக்கு கூசுதே."

"இதுவரைக்கும் யாராவது வேணும்னு சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"கேட்டுட்டு நீங்க என்ன செஞ்சீங்க?"

நம்பிராஜன் யோசித்தார். "போனை வச்சிட்டேன்."

ஐரின் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "அடுத்த ஆளைக் கூப்பிடுங்க," என்றாள்.

கோவில்பட்டியிலிருந்து சண்முகவடிவு என்ற அம்மாள் எடுத்தார். கம்பெனி எழுதிக் கொடுத்ததை நம்பிராஜன் ஒப்பித்தார். அவர் கடைசி வரிக்கு வந்தார்.

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா, மேடம்?"

கேட்ட வேகத்தில் அவர் விரல் இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானுக்குப் போனது. ஐரின் தன் உள்ளங்கையால் அந்தப் பொத்தானை மூடிக்கொண்டாள்.

சீடர் குருவைப் பார்த்தார். குரு ஜன்னலைப் பார்த்தாள். போனில் எங்கேயோ ஒரு மின்விசிறி கறகறவென்று சுற்றியது. அந்த ஏசியிலும் நம்பிராஜனுக்கு வேர்த்தது.

"இன்னும் இருக்கீகளா?" என்றார் சண்முகவடிவு.

"இருக்கேன் மேடம்."

"நானும் மில்லு ஆபீஸ்ல டெலிபோன் போர்டுல இருந்தவதான். வைக்கப்போற ஆளு பேசுற வேகமே தனி. நீங்களும் வச்சிருவீகன்னுதான் நெனச்சேன்."

நம்பிராஜனுக்கு அவமானமாக இருந்தது.

"உதவி வேணும். செய்வீகளா?"

ஐரினின் கை பொத்தானை விட்டு அசையவில்லை.

"சொல்லுங்க," என்றார் நம்பிராஜன்.

"மாத்திரை அட்டையெல்லாம் இந்தப் பெட்டிதான் எனக்குப் படிச்சுச் சொல்லும். இது வாரதுக்கு முன்னால ஒரு தடவை, ராத்திரி மாத்திரையைக் காலையில போட்டுட்டு அடுப்படியில விழுந்து கெடந்தேன். மக வேலை முடிஞ்சு வந்துதான் தூக்குனா; இப்ப அவளும் வெளியூரு. தடவிப் பாத்தா எல்லா அட்டையும் ஒண்ணு போலத்தான் இருக்கு. இது பேசுறப்பவே பிரிச்சு வச்சிரணும். தனியாச் செய்யப் பயமா இருக்கு. இன்னொரு காது கூட இருந்தா நல்லாருக்கும்."

நம்பிராஜன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணக் கூட்டம் கடைக்குள் நுழைந்தால் இப்படித்தான் உட்காருவார்.

"வீட்டுல ரப்பர் பேண்டு கெடக்கா?"

"டப்பா நெறைய கெடக்கு."

"காலை மாத்திரைக்கு ஒண்ணு போடுவோம். ராத்திரிக்கு ரெண்டு."

பெட்டி ஒவ்வோர் அட்டையின் பெயராகப் படித்தது. "இது சர்க்கரைக்கு, காலையில," என்பார் சண்முகவடிவு. நம்பிராஜன் பெயரைத் திருப்பிச் சொல்லுவார். ரப்பர் பேண்டு சுண்டும் சத்தம் கேட்கும். பிறகு அடுத்தது.

ஓர் அட்டையில் அந்த அம்மாள், "இதுவும் காலைதான்," என்றார்.

"இருங்க, இருங்க. முதல் எழுத்து காதுல சரியா விழல. அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்க."

செருப்புச் சத்தம். பெட்டி மறுபடி படித்தது. பெயர் வேறாக இருந்தது.

"ஆத்தாடி! ராத்திரி மாத்திரையில்லா இது?"

"ரெண்டு பேண்டு போடுங்க."

"வெளிச்சத்துக்குக் கொண்டுபோன்னு எப்படித் தோணுச்சு?"

"ஜவுளிக்கடையில இருந்தேன். நெறம் சந்தேகம்னா சேலையை வாசலுக்குத்தான் தூக்கிட்டுப் போவோம்."

அந்த அம்மாள் சிரித்தார். அன்றைக்கு அந்தத் தளத்தில் போனுக்குள் கேட்ட ஒரே சிரிப்பு அது.

நேரம் தாண்டிவிட்டது என்று நம்பிராஜனின் கம்ப்யூட்டர் திரை சிவப்பாக மின்னத் தொடங்கியது. ஐரின் திரையைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

எல்லா அட்டையும் முடிந்தது.

"அடுத்த மாசம் புது அட்டை வாங்குறப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டார் நம்பிராஜன்.

"மெடிக்கல் கடைக்காரர்ட்டயே ரப்பர் பேண்டைக் குடுத்துருவேன். வழி தெரிஞ்சிட்டுல்லா, இனி பாத்துக்கிடுவேன்."

"வேற ஏதாவது உதவி வேணுமா அக்கா?"

கேட்டுவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"இல்ல தம்பி," என்றார் சண்முகவடிவு. "இப்ப வைங்க."

ஐரின் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். நம்பிராஜன் ஹெட்போனைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசு நிறைந்திருந்தது. அதற்குள் ஒரு முள்ளும் இருந்தது.

"ஆனா மேடம், வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டி ஊமையாத்தானே போவப்போவுது? நாம எதை நிறுத்திட்டோம்?"

ஐரின் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டாள். திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அதில் அடுத்த பெயர் வந்திருந்தது.

"அடுத்த ஆளைக் கூப்பிடுங்க. இன்னைக்குச் செவ்வாய்தான அண்ணாச்சி," என்றாள்.